பிப்ரவரியில் ஜாம் மெழுகு

அந்தச் சனிக்கிழமை காலை என் சமையலறை அலமாரியில் ஜாம் ஜாடிகள் கிடுகிடுக்கவில்லை, ரீங்கரித்தன. அடுப்பில் முட்டை கிடந்தது, வாணலி புகைய ஆரம்பித்திருந்தது, நான் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டு வெர்னன் கிராட்ஸ் தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து டெனர் சாக்ஸபோனின் ஆகக் கீழான சுரத்தை ஊதும்போதெல்லாம் என் ஜாடிகள் குளிர்ஜுரம் வந்தவன் பற்கள் மாதிரி ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும். வருஷக்கணக்காக அப்படித்தான். கோளாறு வெர்னனுடைய நுரையீரலில் இல்லை, வாத்தியத்தில். அந்தக் கீழ்ச் சுரத்தை மெதுவாக ஊதினால் அது நேராக வராது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவன் குரல் மாதிரி கொளகொளவென்று கொப்பளிக்கும். பல டெனர்களுக்கும் உள்ள வியாதிதான். ஊதுகிறவர்கள் சத்தத்தைக் கூட்டி மறைத்துக்கொள்வார்கள். வெர்னன் மறைக்கிற ஆள் இல்லை. அதைக் குணப்படுத்தாமல் கண்ணை மூடுவதில்லை என்று இருந்தார். அன்றைக்கு அது குணமாகிவிட்டது. ஒரே சீராக, தேன் ஊற்றுகிற மாதிரி, அந்தச் சுரம் வேலியைத் தாண்டி வந்தது.

நான் பின்வாசலுக்கு ஓடினேன். வெர்னன் வாத்தியத்தைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, பனியில் வீட்டுச் செருப்போடு வேலியோரம் வந்து நின்றார்.

“கேட்டியா மேவிஸ்?”

“கேட்டேன். முட்டை கருகிப் போச்சு.”

“முட்டை கெடக்குது. இங்க சரித்திரம் நடந்துக்கிட்டு இருக்கு.”

அவருக்குப் பின்னால் சமையலறைக் கதவில் அவர் மனைவி ஓபல் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கோப்பை. ஏற்கெனவே உலர்ந்துவிட்ட அந்தக் கோப்பையை அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கவில்லை. அதை அப்போதே நான் கவனித்தேன். கவனிப்பது என் வழக்கம். சிலர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

எல்க்ஹார்ட்டில் வாத்தியக் கம்பெனிகள் பல இருந்தாலும், எங்கள் ஹிக்கரி தெருவில் கம்பெனி என்றால் ஒரே கம்பெனிதான். ஒரு வீட்டில் பித்தளைத் தகட்டைக் குழாயாக உருட்டுகிறவர், அடுத்த வீட்டில் அந்தக் குழாயில் துளைகளை இழுத்து எழுப்புகிறவர், எதிர் வீட்டில் அந்தத் துளைகளைத் திறந்து மூடுகிற கீகளைப் பொருத்துகிறவர். என் வீட்டுக்காரர் பாலிஷ் பிரிவு. சக்கரத்தின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. எங்கள் தாம்பத்தியம் சுமுகமாக ஓடுவதற்கு அதுதான் காரணம் என்று தெருவில் பேச்சு. நான் பேட் பிரிவில். துளைகளை மூடுகிற தோல் பேட்களை அரக்கு உருக்கிக் கீ கிண்ணங்களில் ஒட்டுகிறவள். இந்த நாட்டில் எந்தப் பள்ளிக்கூட பேண்டு ஊர்வலம் போனாலும் எங்கள் தெருவும் அதில் கொஞ்சம் நடந்துபோகிறது என்று எங்களுக்கு ஓர் எண்ணம். கர்வம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் தெருவின் மொத்தக் கர்வத்தையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, வெர்னனை மட்டும் மறு தட்டில் உட்காரவைத்தால் அவர் பக்கம்தான் தாழும். புது வாத்தியங்களை வடிவமைக்கிறவர் அவர். கடைசல் பட்டறையில் தொடங்கியவர், தானாக மேலே வந்தவர், அந்தத் தகவலை ஆளுக்கு ஒரு முறையாவது சொல்லாமல் விடாதவர். சாக்ஸபோனை வடிவமைப்பது என்றால் ஏதோ படம் வரைந்து கொடுப்பது என்று நினைக்கிறவர்களை அவர் தன் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். அங்கே ஒட்டுப் போட்ட கால்சட்டை மாதிரி ஒரு சோதனைக் குழாய் தொங்கும். ஒரு துளையை மயிரளவு மேலே தள்ளினால் அந்தச் சுரம் சரியாகும், அதன் மேல் ஸ்தாயிச் சுரம் கெட்டுப்போகும். அதைச் சரிசெய்யத் துளையைப் பெரிதாக்கினால் பக்கத்துச் சுரம் கோபித்துக்கொள்ளும். பழைய துளையை அடைத்துப் பற்றவைத்து, பக்கத்தில் புதிதாகத் துளைத்து, ஊதிப் பார்த்து, வைது, மறுபடி அடைத்து... கூட்டுக் குடும்பத்தில் சொத்து பிரிக்கிற மாதிரியான வேலை. எல்லாருக்கும் கொஞ்சம் மனக்குறை இருந்தால்தான் பாகம் சரியாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓபலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன் அவள் பெண்கள் மட்டுமே வாசித்த ஓர் இசைக்குழுவில் டெனர் ஊதியவள். பேருந்தில் ஊர் ஊராகப் போன கூட்டம். ஒரு தடவை இந்த ஊர் வழியாகப் போகும்போது கம்பெனி வாசலில் இறங்கி, “இந்த வாத்தியத்தைச் செஞ்சவன் யாரு, அவனைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க” என்று கேட்டாளாம். வந்தவர் வெர்னன். முற்பகல் முழுக்கச் சண்டை. அடுத்த வருஷம் கல்யாணம். வாத்தியத்தில் குறை சொல்ல வந்தவளைக் கட்டிக்கொண்டால் குறை சொல்வதை நிறுத்திவிடுவாள் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் அவருடைய வடிவமைப்புகளில் தோற்றுப்போன முதல் வடிவமைப்பு அதுதான்.

இந்தப் புது டெனருக்கு அவள் கையைத்தான் அளவாக எடுத்துக்கொண்டார். இடது சுண்டுவிரல் தொடவேண்டிய கீகள் எப்படி அமையவேண்டும் என்று பார்க்க, இரவுச் சாப்பாட்டு மேஜையிலேயே களிமண் உருண்டையை வைத்து அவள் விரலைப் பதியவைத்தார். இறைச்சி ஆறிப்போய்க்கொண்டிருக்க அவள் பொறுமையாக விரலைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் சமையலறை ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். கையைக் கேட்டார். காதைக் கேட்கவில்லை. “குழாய் கீழ திரும்புற அந்த அடி வளைவு ரொம்ப அகலம் வெர்னன், அங்கதான் காத்து தடுமாறுது” என்று அவள் அந்த மேஜையிலேயே சொன்னதும், “நீ ஊது, நான் செய்யிறேன்” என்று அவர் களிமண்ணிலிருந்து தலை தூக்காமலே பதில் சொன்னதும் என் காதில் விழுந்தன. ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. எங்கள் பக்கத்து ஜன்னல்.

இப்போது மெழுகு விஷயம். ரீங்காரம் கேட்ட சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை மாலை, ஓபல் வந்து ஜாம் ஜாடியை மூடுகிற மெழுகு இருக்கிறதா என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் ஜாம் காய்ச்சி ஜாடியில் நிரப்பியதும் மேலே உருக்கிய மெழுகை ஊற்றி வாயை மூடிவிடுவோம். ஜாடியைத் திறக்கும்போது அந்த மெழுகு வில்லையைக் கழுவி, ஒரு காப்பி டப்பாவில் போட்டு அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வோம். என் டப்பாவில் இருந்ததெல்லாம் திராட்சை ஜாமில் ஊறி ஊறிக் கத்தரிப்பூ நிறமாகிப்போன மெழுகு. கொடுத்தேன். ஆனால் பிப்ரவரியில், தரை முழுக்கப் பனி கிடக்கும்போது, எவள் ஜாம் காய்ச்சுகிறாள்? கேட்டேன். “வேணும்” என்றாள். வெள்ளிக்கிழமை முழுக்க வேலையிடத்தில் என் கை பேட் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனசு ஓபலின் அடுப்படியில் இருந்தது.

திங்கட்கிழமை வெர்னன் அந்த டெனரைக் கம்பெனிக்கு எடுத்துப்போனார். அது சாதாரண நேரமில்லை. கண்காணிப்பாளர் மிஸ்டர் பென்ரோஸ் அதற்கு முந்தின மாதம்தான் எல்லாரையும் கூட்டிவைத்து, கோடையில் சிகாகோவில் நடக்கிற வாத்தியச் சந்தைக்குள் நம் டெனர் தயாராகாவிட்டால் பிரான்சிலிருந்து செய்து முடித்த வாத்தியங்களையே வரவழைத்து நம் பெயரைப் பொறித்து விற்றுவிடலாம் என்று மேலே யோசிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு ஹிக்கரி தெருவில் பல வீடுகளில் சாப்பாடு இறங்கவில்லை. வேலை போய்விடாது, கிளாரினெட்டும் டிரம்பெட்டும் இருந்தன. ஆனால் அடுத்தவன் பெற்ற பிள்ளைக்கு நம் பெயரை வைத்து ஊரெல்லாம் காட்டுவதா? வெர்னன் அந்த மாதம் முழுக்க யாரோடும் பேசவில்லை. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை, சோதனை அறையில் ஊதுகிறவர் அந்தக் கீழ்ச் சுரத்தைப் பூனை நடக்கிற மாதிரி மெதுவாக ஊதி, அது ஆடாமல் அசையாமல் நின்றபோது, பட்டறை முழுக்கச் சுத்தியலால் மேஜையைத் தட்டினார்கள். எங்கள் ஊர் கைதட்டல் அதுதான்.

“அடி வளைவுதான் ரகசியம்,” என்றார் வெர்னன். “என் வளைவு. இந்தக் கோட்டை நான் போட்ட மாதிரி எவனும் போட முடியாது.”

மிஸ்டர் பென்ரோஸ் அவர் வரைபடத்தை வைத்து அரை டஜன் வாத்தியங்கள் செய்யச் சொன்னார். அடி வளைவைச் செய்கிறவர் கஸ் டீட்மன். குழாய்க்குள் தாரை உருக்கி ஊற்றி, ஆறவைத்து, சுருக்கம் விழாமல் வளைக்கிற கை. வெர்னனுடைய ஆப்தர். ஆற்றில் மீன் பிடிக்கப் போனாலும் என் வீட்டில் வெள்ளிக்கிழமை சீட்டாட உட்கார்ந்தாலும் இருவரும் ஒரே கட்சிதான்.

ஏப்ரலில் அரை டஜனும் தயாராயின. அரை டஜனும் கொப்பளித்தன.

அன்று நான் பேட் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு சோதனை அறைப் பக்கம் போகவேண்டிய அவசியம் ஏற்பட்டது. அவசியத்தை ஏற்படுத்திக்கொள்வது கஷ்டமில்லை. வெர்னன் பழைய வாத்தியத்தையும் புதியதையும் மேஜையில் கிடத்தி வெளிப்புறத்தை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டிருந்தார். பழையதை ஊதினால் சீராக வருகிறது. புதியதை ஊதினால் கொளகொள. அளவெல்லாம் ஒன்றுதான். உள்ளே விளக்கடித்துப் பார்த்திருக்கலாமே என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். நன்றாகப் பாடுகிற தொண்டைக்குள் யாராவது விளக்கடித்துப் பார்ப்பார்களா? நோய்ப்பட்ட ஆறையும்தான் அவர் குடைந்து குடைந்து பார்த்தார். வரைபடத்தை மீறிய ஒரு பிசகும் அவற்றில் இல்லை.

கடைசியில் நிமிர்ந்து சொன்னார்: “கஸ், உன் கை நடுங்குது.”

கஸ் தன் கைகளை முன்னால் நீட்டிக் காட்டினார். தார்க் கறை ஏறிய, அகலமான, பாறை மாதிரி அசையாத கைகள்.

“எங்கய்யா நடுங்குது? காட்டு.”

“வயசாச்சுன்னா ஒத்துக்கணும்.”

“எனக்கும் உனக்கும் ஒரே வயசுடா, மடப்பயலே.”

“எனக்கு நடுங்கலையே.”

“உனக்கு நாக்கு நடுங்கியிருக்கணும்,” என்று சொல்லிவிட்டு கஸ் தன் தோல் அங்கியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனார். சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷத்தில் கம்பெனிச் சங்கு ஊதுவதற்கு முன்னால் அந்த ஆணியில் அவர் அங்கி தொங்கி யாரும் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சீட்டாட்டத்துக்கு கஸ் வரவில்லை. வெர்னனும் வரவில்லை. ஓபல் மட்டும் ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்தாள். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுட்டது, ஓரம் தீய்ந்திருந்தது. அவள் தீய்க்கிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் காது கேட்காத சௌகரியத்தில் முன்னறையில் ரேடியோவில் பேஸ்பால் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சமையலறையில் உட்கார்ந்தோம். நான் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தேன், போடவில்லை.

“நீ குடுத்த மெழுகு பத்தி யார்கிட்டயாவது சொன்னியா?” என்றாள்.

“சொல்றதுக்கு என்ன இருக்கு? நீதான் எனக்கே ஒண்ணும் சொல்லலையே. அந்தக் குறை எனக்கு இன்னும் தீரல.”

ஓபல் பலகாரத்தை வெட்டினாள். வெட்டியதைத் தின்னவில்லை. பிறகு சொன்னாள். பிப்ரவரியில் மெழுகு வாங்கிப்போன மறுநாள், நாங்களெல்லாம் வேலையில் இருந்தபோது அவள் ஷெட்டுக்குள் போய், உருக்கிய மெழுகைக் கரண்டியால் சாக்ஸபோனின் விரிந்த வாய் வழியாக அடி வளைவுக்குள் ஊற்றியிருக்கிறாள். ஆறவிட்டு ஊதிப் பார்த்தாள். இன்னொரு கரண்டி. கொஞ்சம் அதிகமாகிவிட்டபோது அடுப்பருகே காட்டி இளக்கிச் சாய்த்துக் கொட்டினாள். சாயங்காலத்துக்குள் வளைவின் அடியில் மெழுகு ஒரு மெத்தை மாதிரி படிந்து உள்ளே அகலம் குறைந்தது, கொப்பளிப்பு நின்றது. வளைவு அகலம் என்று தான் சொன்னது சரி என்று நிரூபிப்பதற்காகச் செய்தது. அவ்வளவுதான் எண்ணம். சனிக்கிழமை காலை அவர் ஊதியதும் ‘என்ன, இப்ப என்ன சொல்றே?’ என்று கேட்பதற்காகவே கதவில் போய் நின்றிருக்கிறாள்.

“வாயைத் திறந்தேன் மேவிஸ். அந்த ஆளு மூஞ்சியைத் திருப்பிட்டு நின்னாரு. தோள் குலுங்குச்சு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படி இல்ல.”

“அழுதாரா?”

“அதை எங்கயாவது சொன்னே, உன் வீட்டுக்கு நான் வர்றது இதுதான் கடைசி.”

நான் சொல்லவில்லை. அந்தச் சனி ஞாயிறு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தேவாலயத்தில் பாட்டுக்கு நடுவே கஸ் டீட்மன் மனைவி என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தபோது சீட்டுக்கட்டை வாய்க்குள் திணித்துக்கொண்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தனை பெரிய சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடையைச் சாத்தி வைப்பது என் தொழிலுக்கே விரோதம்.

ஓபல் ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லிவிடுவதாக இருந்தாள். அவரோ பொழுது விடிந்ததும் ஷெட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். சாப்பாட்டைக் கதவிடுக்கில் வாங்கிக்கொண்டாராம். திங்கள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது ஓபல் தன் நல்ல தொப்பிக்கு ஊசி குத்திக்கொண்டிருப்பதை ஜன்னலில் பார்த்தேன். “நானே கம்பெனிக்கு வரேன்” என்று வேலிக்கு மேலாகச் சொன்னாள்.

அவள் வருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. மிஸ்டர் பென்ரோஸ் கஸ்ஸைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வெர்னன் செய்த வளைவையும் கஸ் செய்த வளைவையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்தக் கை நடுங்கியது என்று பார்த்துவிடலாம் என்பது ஏற்பாடு. கஸ் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். வெர்னன் தன் பொக்கிஷத்தைப் பட்டறை மேஜையில் பிடித்து, கீகளைக் கழற்றி எடுத்துவிட்டு, பற்றவைத்த இணைப்பில் நெருப்பைக் காட்டினார். நான் பேட் தட்டோடு வாசலில். கத்தினால் ஓபலைக் காட்டிக்கொடுத்ததாகும். கத்தாவிட்டால் ஓபல் ஊற்றியது உருகும். வாழ்க்கையில் முதல் தடவையாக என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றேன், பேச வேண்டிய ஒரே நேரத்தில்.

இணைப்பு இளகியது. வெர்னன் வளைவைக் கழற்றிச் சாய்த்தார். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக, பிறகு ஒரே ஒழுக்காக, கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ ஒழுகி மேஜையிலும் அவர் பூட்ஸிலும் விழுந்தது. அறை முழுக்க ஆகஸ்ட் மாதத்து அடுப்படி வாசனை.

கஸ்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

“திராட்சை ஜாம்.” இன்னொரு தடவை உறிஞ்சினார். “மேவிஸோட திராட்சை ஜாம்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. தேவாலய விருந்துகளில் என் ஜாம் பிரசித்தம். இறுகாது என்பதற்காகத்தான், இருந்தாலும் பிரசித்தம்.

“மிஸஸ் பிரென்னர்,” என்றார் பென்ரோஸ், “உங்க ஜாம் எங்க டெனருக்குள்ள என்ன பண்ணுது?”

நான் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை. அதற்கு முன் அதை நான் கவனித்ததே இல்லை.

“அவ ஜாம் இல்ல. அவ மெழுகு,” என்று என் முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது. “ஊத்தினது நான்.”

ஓபல். தொப்பி, கையுறை, கைப்பை எல்லாம். ஒரு காலத்தில் மேடைக்கு நடந்த மாதிரியே அறைக்குள் நடந்தாள். வெர்னன் கையில் இன்னும் வளைவு சாய்ந்தபடியே இருந்தது, இடுக்கியில். கடைசிச் சொட்டு விழுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போ?” என்றார்.

“பிப்ரவரில. அந்த வெள்ளிக்கிழமை.”

“அப்ப சனிக்கிழமை நான் ஊதினது...”

“ஆமா.”

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் கதவுல வந்து நின்னேன்.” அத்தனை பேர் முன்னால் அந்தத் தோள் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவளுக்கு வழக்கு ஜெயித்திருக்கும். சொல்லவில்லை. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வெர்னனுடைய கழுத்து சிவந்தது, காது சிவந்தது. நான் அந்த மனுஷனை இருபது வருஷமாக வேலி வழியாகப் படித்திருக்கிறேன். இப்போது ஒன்று அவர் வெளியே போவார், இல்லை எதையாவது தூக்கி அடிப்பார் என்று நினைத்தேன். என் பேட் தட்டை ஓரமாக நகர்த்திக்கொண்டேன். அவரோ வளைவை மெல்ல மேஜையில் வைத்து, சூடு தணிகிறவரை நின்றார். விரலை உள்ளே விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்த மெழுகைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். எங்கே தடிமன், எங்கே மெலிவு என்று. வடிவமைக்கிறவன் விரல் அது. அவமானத்திலும் அளவெடுக்கும்.

“கஸ்,” என்றார் தலை நிமிராமல். “உன் கை நடுங்கல.”

“அது எனக்குத் தெரியும்.”

“உன்கிட்ட சொல்லல. இவங்ககிட்ட சொல்றேன். கஸ் டீட்மன் கை நடுங்கல. நான் போட்ட கோடு தப்பு. என் கோட்டைத் துளிகூடப் பிசகாம அவன் வளைச்சிருக்கான், தப்போட சேத்து.”

கஸ் இறுகக் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். அதுவே அவரைப் பொறுத்தவரை பெரிய பேச்சு. மிஸ்டர் பென்ரோஸ் பூட்ஸில் மெழுகு படாமல் ஓர் அடி பின்வாங்கி, தொண்டையைச் செருமி, “அப்ப அந்த முதல் டெனர்... பட்டறையே மேஜையைத் தட்டிச்சே... அது யாரோட வேலைன்னு நான் மேல சொல்றது?” என்று கேட்டார்.

வெர்னன் நிமிர்ந்தார். தன் பெயரில் ஒரு எழுத்தைக்கூட யாருக்கும் கடன் கொடுக்காத மனுஷன். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நெஞ்சு மெல்ல முன்னால் வந்தது.

“என் வீட்டுக்காரி வேலை,” என்றார். “இந்த ஊர்ல எத்தனை கம்பெனி இருக்கு? எந்தக் கம்பெனில வேணா விசாரிச்சுப் பாருங்க. இப்படி ஒரு காது எவன் வீட்டுலயாவது இருக்கா?”

பெண்டாட்டியையும் தானே வரைந்து, அச்சு போட்டு, துளைத்து, மெருகேற்றிய மாதிரி ஒரு தோரணை. அவள் கணவனாக இருப்பதே ஒரு பெரிய கண்டுபிடிப்பு என்று எங்களையெல்லாம் நம்பவைத்துவிடுவார் போலிருந்தது. ஓபல் சிரிப்பை அடக்கக் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அதற்குள் யாரோ சுத்தியலால் மேஜையைத் தட்டினார்கள். கஸ்தான்.

பென்ரோஸுக்கு அது போதவில்லை. “சந்தோஷம். ஆனா மெழுகு கீழ கெடக்குது. சிகாகோவுக்கு நான் எதைக் கொண்டு போறது? எவ்வளவு ஊத்தினீங்க, எந்த உருவத்துல ஊத்தினீங்கன்னு யாருக்காவது தெரியுமா?”

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஊரிலேயே ஒழுங்காகப் பாடிய ஒரே டெனரை வெர்னன் தன் கையாலேயே உருக்கிக் கொட்டிவிட்டார். அதன் உருவம் எந்த வரைபடத்திலும் இல்லை. பட்டறைத் தரையில் ஆறிக்கொண்டிருந்தது.

வெர்னன் மனைவியிடம் திரும்பினார். “ஓபல்.” மெழுகு பட்ட விரலைத் துடைத்துக்கொண்டார். “எப்படி ஊத்தினே?”

“இப்பவாவது கேட்டியே,” என்றாள். “மறுபடி ஊத்தினா அப்படியே வருமா, தெரியாது. அன்னிக்குக் காதால கேட்டுக் கேட்டுத்தான் ஊத்தினேன், கரண்டிக் கணக்குல இல்ல.”

அன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் ஹிக்கரி தெருவே கிராட்ஸ் வீட்டுக் கார் ஷெட்டைச் சுற்றி எதேச்சையாக உலாவிக்கொண்டிருந்தது. வேலையொன்றுமில்லாமல் புல்லை வெட்டினார்கள். ஏப்ரலில் வெட்டுவதற்கு என்ன புல் இருக்கிறது? கொப்பளிக்கிற ஆறில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். மெழுகு ஒழுங்காக நின்றால், வளைவைக் கழற்றி அந்த மெழுகின் மேல் சுண்ணச் சாந்தை ஊற்றி அச்சு எடுத்து, கஸ் புது வளைவு செய்வதாக ஏற்பாடு. ஆனால் மெழுகு போதவில்லை. என் காப்பி டப்பா காலி. ஓபல் வேலியோரம் வந்து என் அலமாரிப் பக்கம் பார்த்தாள். நான் உள்ளே போய், இலையுதிர் காலத்தில் கடைசியாகக் காய்ச்சிய ஜாடிகளை எல்லாம் இறக்கி, கத்தி முனையால் மெழுகு வில்லைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து ஒரு தட்டில் கொடுத்தேன். திறந்த ஜாடிகளை என்ன செய்வது? இனி கெடுவதற்குள் தின்று தீர்க்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரரிடம் அதைச் சத்தமாகச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை என்றார். அந்த ஒன்று அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

சமையலறை ஜன்னலிலிருந்து ஷெட்டின் திறந்த கதவு முழுசாகத் தெரியும். அதற்காகத்தான் அந்த இடத்தில் என் மேஜை. ஓபல் தொப்பியைக் கழற்றியிருந்தாள். வெர்னன் மண்டியிட்டு வாத்தியத்தை இரண்டு கையாலும் நேராகப் பிடித்திருந்தார். அவள் கரண்டியைச் சாய்த்தாள். “இன்னும்” என்று அவர் சொல்லவில்லை. “போதும்” என்றும் சொல்லவில்லை. இடது பக்கம் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி அவள் கண்ணால் காட்டினாள், சாய்த்தார். மெழுகு உறைகிறவரை அசையக் கூடாது. கஸ் ஷெட் வாசலில் நின்று, சைக்கிளில் போன யாரையோ சத்தம் போடாதே என்று கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு முறை ஊதிப் பார்த்தாள். கொளகொள. இன்னொரு கரண்டி. மறுபடி மண்டியிட்டார். வெளிச்சம் மேப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கரண்டி, காத்திருப்பு, ஊதல். ஒவ்வொரு தடவையும் வெர்னன் வாத்தியத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வரைபடம் அங்கேதான் இருக்கிற மாதிரி.

அவள் எழுந்து வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சீவாளியை நாக்கால் ஈரப்படுத்தினாள். சுண்டுவிரல் களிமண்ணில் பதிந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. தெருவில் ஒரு புல்வெட்டியும் ஓடவில்லை. நான் ஜன்னலிலிருந்து திரும்பி, மெழுகு போன என் ஜாடிகள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற அலமாரியின் பலகையில் உள்ளங்கையை வைத்தேன். மூச்சு இழுக்கிற சத்தம் வேலியைத் தாண்டி வந்தது. பிறகு என் கைக்கு அடியில் மரம் உயிர்பெற்றது. ஜாடிகளில் திராட்சை ஜாமின் மேல் மெல்லிய வட்டங்கள் எழுந்து விரிந்தன. கண்ணாடி கண்ணாடியைத் தொடப் போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொடவில்லை. இன்னும் தொடவில்லை.